பரம்பரைச் சிறுமூளைத் தள்ளாட்டம்: திருகோணமலையிலிருந்து எதை அளக்கலாம், எதை அனுப்பலாம்?

பின்குடா எழுதியது:
ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று தலைமுறையாக நடை தள்ளாடி, பேச்சுக் குழறி வருகிறவர்களுக்கு மாவட்ட மட்டத்தில் ஒழுங்கான அளவீட்டுப் பதிவு ஒன்று தொடங்குவதற்கான இழை இது. நோயின் பெயரைச் சொல்லி அனுதாபப்படுவதற்கு வேறு இடங்கள் உண்டு. இங்கே தெரிய வேண்டியது நடைமுறை மட்டும்: எந்தப் பரிசோதனை முந்த வேண்டும், குருதி மாதிரி கொழும்பு போய்ச் சேரும்வரை கெடாமல் எப்படி அனுப்புவது, சாரா அளவுகோலை (தள்ளாட்டத்துக்குப் புள்ளி போடும் முறை) எல்லாரும் ஒரே மாதிரி எடுப்பது எப்படி, குடும்பங்கள் கேட்கும் "புது மருந்து" எதற்கு ஆதாரம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் 'மூளி' என்று படித்தவர்கள் சிறுமூளை என்று வாசித்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் இரண்டுமே புழங்குவதில்லை, எல்லாருக்கும் அது செரிபெல்லம்தான்.

கன்னியா_7 எழுதியது:
முதலில் கால ஓட்டத்தைக் கேளுங்கள். நிமிடங்களில் வந்தால் பக்கவாதம், நாட்களில் வந்தால் நஞ்சு, தொற்று, தயமின் குறைபாடு. வாரங்களில் ஏறிக்கொண்டே போனால் புற்றுநோயைச் சார்ந்த நோயெதிர்ப்புத் தாக்கம். வருடக்கணக்கில் ஊர்ந்து வந்தால்தான் பரம்பரை நோயும் பல்தொகுதி நலிவும் (எம்.எஸ்.ஏ., தள்ளாட்டத்தோடு குருதியமுக்கமும் சிறுநீர்க் கட்டுப்பாடும் கெடும் நோய்) வரிசைக்கு வரும். "அட்டாக்சியா" (தள்ளாட்டம்) என்று அட்டையில் எழுதியதும் எல்லாரையும் சீரழிவு நோய்ப் பெட்டிக்குள் போடும் பழக்கம் இருக்கிறது. பல்சிபாரம் மலேரியா வந்து காய்ச்சல் விட்ட பிறகு தள்ளாட்டம் தொடங்கி, சில மாதங்களில் தானாகவே மாறும் நோயை 1980களில் உலகத்துக்கு எடுத்துச் சொன்னதே இலங்கை மருத்துவர்கள்தான். 2016 இல் நாடு மலேரியா அற்றதாகச் சான்று பெற்றதால் அது இப்போது அரிது. டெங்குக்குப் பின் வரும் சிறுமூளைக் குறிகள் அப்படி அரிதில்லை.

குடும்ப வரலாறு இருந்தாலும் தீர்க்கக்கூடியவற்றைத் தட்டிப் பார்க்காமல் மரபுப் பரிசோதனைக்குப் போகக் கூடாது. தைரொயிட் (டி.எஸ்.எச்.), பி12, விற்றமின் ஈ இந்த மூன்றும் கட்டாயம். விற்றமின் ஈயைத் தனியாக அளந்தால் ஏமாற்றும், கொலஸ்திரோல் கூடியவரில் அது பொய்யாக இயல்பு காட்டும். கொழுப்பு அளவோடு சேர்த்து விகிதமாகப் பார்க்க வேண்டும். பரம்பரை விற்றமின் ஈ குறைபாட்டில் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 800 முதல் 1500 மி.கி. வரை வாழ்நாள் முழுதும் கொடுத்தால் நோய் அங்கேயே நிற்கும். கண்டுபிடிக்கத் தாமதித்த ஒவ்வொரு வருடமும் திரும்பி வராது. குதிநாண் தடித்து, சிறுவயதிலேயே கண்புரை வந்து, நீண்டகால வயிற்றோட்டமும் இருந்தால் கொலஸ்தனோல் என்ற கொழுப்பைக் குருதியில் பாருங்கள். அது கூடித் தேங்கும் பரம்பரை நோய்க்குக் கீனோடிஒக்சிகோலிக் அமிலம் 250 மி.கி. நாளுக்கு மூன்று தரம். மணிக்கணக்கில் வந்து போகும் தள்ளாட்டமென்றால் எபிசோடிக் வகை இரண்டு, அசெற்றசோலமைட் 250 மி.கி.யில் தொடங்கலாம்.

40, 50 வயதுக்குப் பின் தொடங்கி, குடும்பத்தில் வேறு ஒருவருக்கும் இல்லையென்றால் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் குருதியமுக்கம் எடுங்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து, நின்ற 1ஆம், 3ஆம் நிமிடங்களில். மேலமுக்கம் 20, அல்லது கீழமுக்கம் 10 இறங்கினால் பல்தொகுதி நலிவை நினைக்க வேண்டும். சிறுநீர் கழித்த பின் பையில் 100 மி.லீ.க்கு மேல் நிற்பதும் அந்தப் பக்கமே கைகாட்டும். இருக்க வைத்து எடுத்துவிட்டு "நோர்மல்" என்று எழுதினால் அதில் பிரயோசனமில்லை.

மடத்தடி எழுதியது:
மருந்துப் பட்டியலை விட்டுவிட்டீர்கள் டொக்டர். வலிப்புக்கு பெனிற்றோயின் எடுப்பவருக்குத் தள்ளாட்டம் வந்தால் மற்றதெல்லாம் பிறகு. 300 மி.கி.யில் சும்மா இருந்தவருக்கு 350 ஆக்கினாலே குருதி மட்டம் இரட்டிப்பாகலாம். ஈரலின் நொதியம் நிரம்பிய பிறகு மருந்து விகிதப்படி வெளியேறாது என்பதே காரணம். குருதி மட்டம் மி.லீ.க்கு 20 மைக்ரோகிராம் தாண்டினால் கண் துடிக்கும், 30 தாண்டினால் நடை போகும். அல்புமின் குறைந்தவரில் மொத்த மட்டம் இயல்பென்று வரும், ஆனால் உடலில் வேலை செய்யும் சுயாதீனப் பகுதி கூடியிருக்கும். அதையும் கணக்கில் எடுங்கள். லிதியம், கார்பமசெப்பின், குளோனசெப்பாம், வாரக்கணக்கில் மெற்றோனிடசோல் எல்லாம் இதே வரிசை. மெற்றோனிடசோலில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் இருபக்கப் பல்லுருக் கருவும் வெளிச்சமாகத் தெரியும், நிறுத்தினால் பெரும்பாலும் மங்கிவிடும்.

இன்னொன்று, சித்தவைத்தியரிடம் போனவரிடம் செந்தூரம், பற்பம் எடுத்தாரா என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒழுங்காகச் சுத்தி செய்யாத பாதரசம் கலந்தால் நரம்பு மண்டலம் கெடும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956 இல் வெளிவந்தது மெதைல் பாதரசத்தின் கதை, அது சிறுமூளையின் சிறுமணிக் கலங்களை அழித்தது. கேட்ட தொனி பிழைத்தால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள்.

ஊதாமூடி எழுதியது:
மரபுப் பரிசோதனைக்கு வருகிறேன். 2013 இல் வெளிவந்த கொழும்பு ஆய்வில் இலங்கையின் ஆட்சியுடைய (பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே நோயாகும்) தள்ளாட்டங்களில் எஸ்.சி.ஏ.1 (முள்ளந்தண்டு-சிறுமூளைத் தள்ளாட்டம், வகை 1) தான் முன்னுக்கு நின்றது. தமிழ்நாட்டிலும் சில சமூகங்களில் எஸ்.சி.ஏ.1 செறிந்திருக்கிறது. ஆகவே எங்கள் வரிசை: 1, 2, 3 மூன்றும் சேர்ந்து முதல் சுற்று. பார்வை மங்குபவருக்கு 7, கை நடுக்கம் முன்னுக்கு நிற்பவருக்கு 12, 50க்குப் பின் மெதுவாகத் தொடங்கியவருக்கு 6. ஐரோப்பியப் பட்டியலைப் பார்த்து 3ஐ மட்டும் முதலில் அனுப்புவது காசு விரயம்.

இந்த நோய்களில் டி.என்.ஏ.யின் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருகிறது, 12 ஐத் தவிர மற்றவற்றில் புரதத்தின் குளுற்றமின் வால் நீள்கிறது. எத்தனை தரம் வந்தது என்பதே விடை. எஸ்.சி.ஏ.2 இல் 31 வரை இயல்பு, 33இலிருந்து நோய். 3 இல் 44 வரை இயல்பு, 60க்கு மேல் நோய், நடுவில் சாம்பல் நிலம். 6 இல் 18 இயல்பு, 20 நோய்! இரண்டே இரண்டு மீள்வுதான் வித்தியாசம். துண்டு நீளத்தைக் கருவி ஒன்று கூட்டியோ குறைத்தோ காட்டுவது சாதாரணம் என்பதால் அறிந்த கட்டுப்பாட்டு மாதிரி ஒன்றை ஒவ்வொரு ஓட்டத்திலும் சேர்க்காத ஆய்வுகூடத்தின் 6ஆம் வகை முடிவை நம்ப வேண்டாம்.

எஸ்.சி.ஏ.1 இல் இன்னொரு சுழி. 39 மீள்வு என்று வந்தவுடன் நோய் என்று எழுதக் கூடாது. இயல்பான நீண்ட பிரதிகளில் சி.ஏ.ஜி. தொடரை நடுவில் சி.ஏ.ரி. என்ற எழுத்துகள் முறித்து நிற்கும். முறிவோடு 36 முதல் 44 வரை இருந்தால் அது நோயில்லை. முறிவில்லாமல் 39 இருந்தால் நோய். எஸ்.எஃப்.ஏ.என்.1 என்ற வெட்டு நொதியத்தைப் போட்டால் சி.ஏ.ரி. உள்ள இடத்தில் வெட்டும், தூய தொடரை வெட்டாது. அறிக்கையில் "39 முதல் 44" என்று எண் மட்டும் இருந்து, முறிவு பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் திருப்பிக் கேளுங்கள்.

பாலையூற்று எழுதியது:
இத்தனை சுற்று எதற்கு? முழு எக்சோம் (புரதம் செய்யும் டி.என்.ஏ. பகுதிகள் எல்லாவற்றையும் வாசிக்கும் பரிசோதனை) ஒன்றைச் செய்தால் எல்லாப் பரம்பரை அலகும் ஒரேயடியாக வந்துவிடுமே. விலையும் முன்னைப்போல இல்லை.

ஊதாமூடி எழுதியது:
எல்லா அலகும் வரும், இந்த நோய் மட்டும் வராது. எக்சோமில் டி.என்.ஏ.யை 150 எழுத்துத் துண்டுகளாக வாசிக்கிறார்கள். 60 சி.ஏ.ஜி. என்றால் 180 எழுத்து. துண்டு முழுக்க ஒரே பல்லவியாக இருந்தால் அது எங்கே பொருந்துகிறது என்று கணினிக்குத் தெரியாது, ஒதுக்கிவிடும். பிறீட்றைக் தள்ளாட்டத்தின் ஜி.ஏ.ஏ. மீள்வு, எஃப்.ஜி.எஃப்.14 அலகின் ஜி.ஏ.ஏ., ஆர்.எஃப்.சி.1 அலகின் ஏ.ஏ.ஜி.ஜி.ஜி. எல்லாம் இன்ட்ரோன் என்ற புரதமாகாத இடைப்பகுதிக்குள் கிடக்கின்றன, எக்சோம் அந்தப் பக்கமே போவதில்லை. "எக்சோம் இயல்பு" என்ற கடதாசியை வைத்துக்கொண்டு "பரம்பரை இல்லை" என்று குடும்பத்துக்குச் சொன்னால் அது பிழை. மீள்வுப் பரிசோதனை எதிர்மறையாக வந்த பிறகு எக்சோம், அதுதான் ஒழுங்கு.

வயதானவருக்கு மெதுவாக வந்த தள்ளாட்டம், கண் கீழ்நோக்கித் துடிப்பது, சில நாள் கூடிச் சில நாள் குறைவது என்றால் எஃப்.ஜி.எஃப்.14 பாருங்கள், 250 ஜி.ஏ.ஏ. தாண்டினால் எஸ்.சி.ஏ.27பி. இப்படி ஒன்று இருப்பதே 2023 இல்தான் அச்சில் வந்தது. அதற்கு முன் "காரணம் தெரியாது" என்று மூடிய கோப்புகளை மறுபடி திறக்க இது ஒரு நல்ல சாட்டு. பல வருட வறட்டு இருமலோடு கால் உணர்ச்சி மங்கித் தள்ளாடினால் ஆர்.எஃப்.சி.1 (2019). இருமலை மார்புக் கிளினிக்கும் தள்ளாட்டத்தை நரம்புக் கிளினிக்கும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட மாட்டார்கள்.

சாதாரண பி.சி.ஆர். வரைபில் ஒரே ஒரு கூர்முனை தெரிந்தால் "இரண்டு பிரதியும் ஒரே நீளம்" என்று முடிக்க வேண்டாம். மிக நீண்ட பிரதி பெருகாமல் விடுபட்டும் இருக்கலாம். மீள்வுக்குள்ளேயே ஒட்டும் தொடக்கியோடு செய்யும் மூவிணைத் தொடக்கிப் பி.சி.ஆரில் சீப்புப் பல் மாதிரி மூன்றெழுத்து இடைவெளியில் முனைகள் இறங்கி வந்தால் நீண்ட பிரதி ஒளிந்திருக்கிறது.

பின்குடா எழுதியது:
சரி, மாதிரி அனுப்புவது? ஹபறணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகப் போனால் சுமார் 260 கிலோமீட்டர். வைகாசியில் பஸ் கூரையின் கீழ் என்ன வெயில் என்று சொல்லத் தேவையில்லை.

ஊதாமூடி எழுதியது:
ஊதா மூடிக் குழாய் (பெயர் சும்மா வைக்கவில்லை), ஈ.டி.டி.ஏ. உள்ளது. பெரியவருக்கு 3 முதல் 5 மி.லீ., இரண்டு குழாய். எடுத்தவுடன் 8 அல்லது 10 தரம் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் கலம் உடையும், விட்டுவிட்டால் உறையும். பச்சை மூடி வேண்டாம், அதிலுள்ள ஹெப்பரின் பி.சி.ஆரைத் தடுக்கும். டி.என்.ஏ.க்கு 4 பாகையில் ஒரு வாரம் தாங்கும், அறை வெப்பத்தில் ஓரிரு நாள். குழாயைப் பனிக்கட்டியில் நேரே முட்ட விடக் கூடாது. உறைந்து உருகினால் குருதிக் கலம் சிதைந்து தரம் இறங்கும். குளிர்ப் பொதியைத் துணியில் சுற்றி, ரெஜிபோம் பெட்டிக்குள், குழாயைத் தனியாக உறிஞ்சு தாளில் சுற்றி, கசியாத பையில் போட்டு வையுங்கள். இரவு ரயிலோ இரவுக் கூரியரோ நல்லது, பகலில் அனுப்பினால் வழியில் வெயிலில் நிற்கும். வெள்ளிக்கிழமையும் போயா விடுமுறைக்கு முதல் நாளும் எடுக்காதீர்கள். இரண்டு நாள் எவரும் பெட்டியைத் திறக்க மாட்டார்கள்.

குழாயில் பெயர், பிறந்த திகதி, எடுத்த நேரம் எழுத வேண்டும். குடும்பப் படம் ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள். அதில் தொடங்கிய வயது எழுதாமல் வட்டமும் சதுரமும் மட்டும் கீறி அனுப்பினால் எங்களுக்கு உதவாது.

நரம்பிழைப் புரதம் போன்ற ஆராய்ச்சிக் குறிகாட்டிக்கு இது சரிவராது. அதற்குப் பிளாஸ்மாவைச் சுழற்றிப் பிரித்து -80 பாகையில் வைக்க வேண்டும். கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பார்க்காமல் அந்த வேலையில் இறங்காதீர்கள்.

கிண்ணியா_பிசியோ எழுதியது:
சாராவைப் பற்றி நான் சொல்றேன், கொஞ்சம் நீளும்.

எட்டு உருப்படி, 0 முதல் 40 வரை. நடை 8, நிற்றல் 6, இருத்தல் 4, பேச்சு 6, விரல் துரத்தல் 4, மூக்கு விரல் 4, கை மாற்றல் 4, குதி முன்கால் 4. கூடினால் மோசம். கடைசி நாலையும் வலம் இடம் தனியா எடுத்துச் சராசரி போடணும், அதனால அரைப் புள்ளி வரும். அரைப் புள்ளியை முழுசாக்கிறது பெரிய பிழை.

நடைக்கு 10 மீற்றர், சுவரிலிருந்து பாதுகாப்பான தூரத்தில, சுவருக்கு இணையா. நடந்து, அரைச் சுற்றுத் திரும்பி வரணும், பிறகு குதியும் பெருவிரலும் முட்ட முட்ட 10 அடி. வரிசை அடியில மட்டும் தெரிஞ்சா 1. இடைக்கிடை சுவரைப் பிடிச்சா 4. ஒரு தடியோ ஒருவரின் மெல்லிய கைத்தாங்கலோ எப்பவும் வேணுமெண்டா 5. 4க்கும் 5க்கும் நடுவில தான் அளக்கிறவங்க ஆளுக்காள் மாறுறாங்க.

நிற்கிறதை மூணு நிலையில பாருங்க: சாதாரணமா, கால் ஒட்டி, ஒரு காலுக்கு முன்னால மற்றது. ஒவ்வொண்டிலும் மூணு முயற்சி, நல்லதை எடுக்கலாம். 10 செக்கனை ஸ்டொப்வாச் வச்சுத்தான் எண்ணணும், வாயால எண்ணினா ஏழு செக்கனில முடிஞ்சிரும். இருத்தலுக்குக் கட்டில் உயரமா இருக்கணும், பாதம் நிலத்தில முட்டக் கூடாது, கை ரெண்டும் முன்னுக்கு நீட்டி. பிளாஸ்ரிக் கதிரையில இருத்திப் பார்த்தா எல்லாருக்கும் 0 தான் வரும்.

விரல் துரத்தலில உங்கட விரலை 2 செக்கனுக்கு ஒரு தடவையா 5 தரம், ஒவ்வொண்டும் 30 செ.மீ. அளவு, எதிர்பாராத பக்கத்துக்குத் தள்ளணும். கடைசி மூணின் சராசரி. கை மாற்றலில தொடையில 10 சுற்று, அவங்களால ஏலுமான வேகத்தில. குதியை முழங்காலில வச்சு முன்காலால வழுக்கி இறக்க ஒரு செக்கன், ஒவ்வொரு காலுக்கும் மூணு தரம்.

இங்க நடக்கிற பிழைகள்: சாரம் உடுத்துக்கொண்டு நடக்கவிடுறது (அடி தானா சுருங்கும், முழங்கால் தெரியாது), ரப்பர் செருப்போட எடுக்கிறது, ஈரம் காயாத ரைல்ஸ். சாரத்தைத் தூக்கிக் கட்டச் சொல்லுங்க, பெண்களெண்டா கால் விலகிற மாதிரி உடுப்பு, கூட ஒரு பெண் பணியாளர். நடைக்கு வெறுங்காலா அல்லது ஒவ்வொரு தரமும் அதே சப்பாத்தா எண்டு எழுதி வையுங்க. காலையில ஒருக்கா, மூணு மாசம் கழிச்சு மத்தியானச் சோத்துக்குப் பிறகு ஒருக்கா எடுத்திட்டு "முன்னேறிட்டுது" எண்டா அது நோயில்ல, பசியும் தூக்கமும். மூதூரில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தவரை இறங்கின கையோட அளக்காதீங்க, அரை மணி இருக்கவிடுங்க.

பேச்சுக்குக் கேள்வித்தாள் வாசிக்க வைக்கிறதில்ல, சாதாரண உரையாடலைக் கேட்டுத்தான் புள்ளி. அவர் பேசுற மொழிதான் உங்களுக்கும் பழக்கமா இருக்கணும், இல்லாட்டி "சில சொல் விளங்கல்ல" எண்டு 3 போடுவீங்க, பிழை உங்கட காதில.

பாலையூற்று எழுதியது:
கிண்ணியா நானா சொன்னதற்கு ஒரு கணக்குச் சேர்க்கிறேன். ஐரோப்பியப் பதிவேட்டில் வருடாந்த சாரா ஏற்றம்: எஸ்.சி.ஏ.1 இல் 2.11, 3 இல் 1.56, 2 இல் 1.49, 6 இல் 0.80. எஸ்.சி.ஏ.6 நோயாளர் ஒருவரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தரம் அளந்தால் எதிர்பார்க்கும் மாற்றம் அரைப் புள்ளிக்கும் கீழே. செருப்பைக் கழற்றியதிலேயே அதைவிடக் கூட மாற்றம் வரும். அதனால் இங்கே ஆறு மாதத்துக்கு ஒரு தரம், அதே ஆள், அதே நேரம், காணொளியோடு. காணொளியைத் திகதி தெரியாத இரண்டாவது ஆள் பார்த்துப் புள்ளி போட வேண்டும். எது முன் எது பின் என்று தெரிந்தால் மனது தானாகவே முன்னேற்றத்தைக் காட்டும்.

இது சும்மா கறார் இல்லை. ட்ரோரிலுசோல் மருந்தின் மூன்றாம் கட்டம் 2022 இல் முதன்மை இலக்கை எட்டவில்லை. அந்த 48 வாரத்தில் மருந்தில்லாத குழுவே பெரிதாக மோசமாகவில்லை, எதோடு ஒப்பிடுவது? பிறகு 2024 இல் மூன்று வருடத் தரவை வெளிப் பதிவேடுகளில் இருந்த நோயாளரோடு ஒப்பிட்டு நன்மை இருப்பதாக நிறுவனம் சொன்னது. 2025 இல் அமெரிக்காவின் ஒழுங்குபடுத்தும் அமைப்பு அதை ஏற்கவில்லை. அந்த ஒப்பீடு சரியோ பிழையோ, இயற்கை ஓட்டப் பதிவேடு இல்லாத நாடு அந்தச் சண்டைக்குள் நுழையவே முடியாது.

பின்குடா எழுதியது:
அப்படியென்றால் குடும்பங்களுக்கு இப்போது எந்த மருந்தைச் சொல்வது? லூசின் பற்றிக் காணொளி பார்த்துவிட்டு வாங்கித் தரச் சொல்கிறார்கள்.

மடத்தடி எழுதியது:
லூசின் இரண்டு கதை. அசெற்றைல்-டி.எல்.-லூசின் நாளுக்கு 5 கிராம் வரை, பலவகைச் சிறுமூளைத் தள்ளாட்டம் உள்ள 108 பேரில், ஆறு வாரம், மருந்தும் போலி மருந்தும் மாற்றி மாற்றிக் கொடுத்த ஜேர்மன் ஆய்வு 2021 இல் வந்தது. பலன் இல்லை. அதே மூலக்கூறின் இடக்கை வடிவம் நீமன்-பிக் சி நோயில் 12 வாரத்தில் சாராவை 1.97 இறக்கியது, போலியில் 0.60. 2024 செப்டெம்பரில் அமெரிக்காவில் அந்த நோய்க்கு மட்டும் அனுமதி. நீமன்-பிக் ஈரல், மண்ணீரல் வீங்கி, கண் மேலே கீழே போகத் தடுமாறும் வேறு நோய். அந்தப் பெட்டியில் எழுதியிருப்பதை எஸ்.சி.ஏ.1க்குக் கொண்டுவர முடியாது.

ரிலுசோல் 50 மி.கி. இரண்டு வேளை: 2015 இத்தாலிய ஆய்வில் ஒரு வருடத்தில் சாரா ஒரு புள்ளியாவது குறைந்தவர் 50 வீதம், போலியில் 11. ஆனால் நோய்வகை கலந்த கூட்டம். 2022 இல் பிரான்சில் எஸ்.சி.ஏ.2 மட்டும் எடுத்துச் செய்தபோது பலன் தெரியவில்லை. கொடுத்தால் முதல் மூன்று மாதமும் மாதாமாதம் ஈரல் நொதியம் பார்க்க வேண்டும்.

ஒமவெலொக்சலோன் பிறீட்றைக்குக்கு மட்டும், 16 வயதும் அதற்கு மேலும், 150 மி.கி. நாளுக்கு ஒரு தரம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன். 2023 பெப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி. அதன் விலை இங்கே பேசும் விலையில்லை.

கன்னியா_7 எழுதியது:
4-அமினோபிரிடினையும் சேருங்கள். எஸ்.சி.ஏ.27பியில் கண் துடிப்பும் நடையும் தெளிவாகத் தேறுகிறவர்கள் உண்டு. வலிப்பு இருந்தவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் கொடுக்கக் கூடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே முதியவரிலும் மரபுப் பரிசோதனை வீண் அல்ல.

அலகையே அடக்கும் ஏ.எஸ்.ஓ. ஊசி பற்றிக் கேட்பவர்களுக்கு: முதுகுத் தண்டுப் பாய்மத்துக்குள் போடும் சிறு டி.என்.ஏ. இழை, நோய்ப் புரதத்தின் தூது ஆர்.என்.ஏ.யை அழிக்கும். எலியில் எஸ்.சி.ஏ.1க்கும் 3க்கும் நன்றாக வேலை செய்தது. மனிதரில் எஸ்.சி.ஏ.3க்கு ஒரு பெரிய நிறுவனம் தொடங்கியதை 2023 இல் நிறுத்திவிட்டது. ஹன்ரிங்ரன் என்ற இன்னொரு சி.ஏ.ஜி. நோயில் ரொமினெர்சன் என்ற இதே வகை ஊசி 2021 இல் நிறுத்தப்பட்டபோது அடிக்கடி ஊசி போட்ட குழு போலியைவிட மோசமாக இருந்தது. நல்ல பிரதி, கெட்ட பிரதி இரண்டையும் சேர்த்து அடக்குவது எவ்வளவு வரை சரி என்பதே இன்னும் முடியாத கேள்வி. அட்டாக்சின்-1 கபிகுவா என்ற புரதத்தோடு சேர்ந்து மற்ற அலகுகளை அடக்கி வைக்கிறது. அதை முழுதாக எடுத்துவிட்டால் மூளையில் வேறு பக்கம் கெடும் என்பதற்கு எலியில் சான்று இருக்கிறது.

யாராவது "பரீட்சார்த்தம்" என்று சொல்லிக் காசு கேட்டால் இலங்கை மருத்துவப் பரீட்சார்த்தப் பதிவேட்டில் அதன் எண் இருக்கிறதா என்று பாருங்கள். குருத்துக்கல ஊசிக்காக வெளிநாடு போகக் காணி ஈடு வைக்கிறவர்களுக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

கிண்ணியா_பிசியோ எழுதியது:
மருந்து இப்படி இழுபறியா இருக்கிற நேரத்தில பயிற்சியின் எண்கள் என்னவோ மருந்தை விட நல்லா இருக்கு. ஜப்பானில 2012: வார நாளில ரெண்டு மணி நேரம், வார இறுதியில ஒரு மணி, நாலு வாரம். சாரா சராசரி 2.1 இறங்கிச்சு. எஸ்.சி.ஏ.1 இன் ஒரு வருட ஏற்றத்துக்குச் சமம். ஆனா ஆறு மாசத்துக்குள்ள கிடைச்ச லாபம் பலருக்குப் பழைய நிலையை நோக்கிக் கரையத் தொடங்கிச்சு. விட்டா போகும், அவ்வளவுதான்.

வீட்டில: ரெண்டு சுவர் சேரிற மூலையில முதுகை வச்சு, முன்னால கைபிடி உள்ள கனமான மரக் கதிரை. கால் ஒட்டி நிற்க, தலையை இடம் வலம் திருப்ப, பிறகு ஒரு காலை அரை அடி முன்னுக்கு. விழுந்தா மூலை பிடிக்கும். இருத்தி எழுப்பல் 10 தரம், கையை ஊன்றாம, மெதுவா இறங்கிறது முக்கியம். முழங்காலில நிண்டு நகர்தல் பாயில. நாளுக்கு ஒரு மணி, ரெண்டு தவணையா. கூடவே நிலைச் சைக்கிள் 30 நிமிடம், கிழமைக்கு அஞ்சு நாள். ஒரு ஆய்வில வீட்டில செய்த ஏரோபிக் பயிற்சி சமநிலைப் பயிற்சியை விட சாராவில கூடப் பலன் தந்துது.

டச் பே மணலில நடக்கச் சொல்லி அனுப்புறாங்க. வேணாம். பாதம் புதையும், கணுக்காலின் உணர்வு குழம்பும், விழுந்தா தூக்க ஆள் வேணும். இடுப்பளவு கடலும் அப்படித்தான், வாடைக்காத்து மாசங்களில பேச்சே இல்ல.

தூக்கி வைக்கிற இலேசான நடைச்சட்டம் தள்ளாட்டக்காரருக்கு எதிரி. தூக்கிற அந்த ஒரு கணத்தில தான் விழுவார். சில்லு உள்ளது, பிரேக் இறுக்கமா, கூடையில 2 அல்லது 3 கிலோ மண்பை. கிணத்தடியில வாளியால அள்ளிக் குளிக்கிறதை நிறுத்தி, வேறு ஒருத்தர் அள்ளிவச்ச தண்ணியில, முதுகுள்ள கதிரையில இருந்து குளிக்கணும். கிணத்துக் கட்டு இடுப்புக்குக் கீழ இருந்தா உயர்த்துங்க. கடலுக்குப் போறவரா இருந்தா வரிசை அடி ஏலாம போன நாளோட படகும் முடிஞ்சுது. குடும்பத்துக்கு இதைச் சொல்றது உங்கட வேலை, தள்ளிப் போடாதீங்க.

நிலாவெளி_பேச்சு எழுதியது:
விழுங்குவதை யாரும் தொடவில்லை. பிற்காலத்தில் இந்த நோயாளரை மடக்குவது பெரும்பாலும் நெஞ்சில் இறங்கும் சாப்பாடுதான். சாப்பிட்டபின் குரல் "கொளகொள" என்று ஈரமாக ஒலிக்கிறதா, தண்ணீருக்கு இருமுகிறாரா, சாப்பிட அரை மணிக்கு மேல் எடுக்கிறாரா, ஆறு மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தார் என்று ஒவ்வொரு வருகையிலும் எழுதுங்கள்.

எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் மோசமானது புட்டுத்தான். உதிரியாகத் தொண்டையில் சிதறும். சொதி ஊற்றினால் சரி என்று நினைப்பார்கள், அது இன்னும் ஆபத்து. நீர் முன்னே ஓட, பருக்கை பின்னே வரும், இரண்டையும் ஒரே நேரத்தில் கட்டுப்படுத்தச் சிறுமூளையால் முடியாது. பருப்போடு நன்றாகக் குழைத்த சோறு, தடித்த கஞ்சி, நறுக்கிய இடியப்பத்தைத் தடித்த பால்கறியில் ஊற வைத்தது நல்லது. மீன் முள் பார்த்துப் பிசைந்து. ஒரு வாய்க்கு ஒரு தேக்கரண்டி, நாடியைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, விழுங்கி முடிந்து இன்னொரு வெறும் விழுங்கல். சாப்பிடும்போது கதை கேட்காதீர்கள், தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். நாடி தாழ்த்துவது எல்லாருக்கும் பொருந்தாது. முதல் தரம் பேச்சுச் சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பாலையூற்று எழுதியது:
குறியில்லாத பிள்ளைகளின் குருதியையும் சேர்த்து எடுத்தால் ஆராய்ச்சிக்கு நல்லதல்லவா? குறி வருமுன்னே உள்ள தரவு எங்கும் குறைவு.

கன்னியா_7 எழுதியது:
18 வயதுக்குக் கீழே, குறியில்லாதவருக்கு எடுப்பதில்லை. பெற்றோர் கையெழுத்து வைத்தாலும் இல்லை. ஆட்சியுடைய நோய், ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 வீதம். முடிவு தெரிந்தால் மாற்றக்கூடிய சிகிச்சை ஒன்றும் இல்லை, ஆனால் கலியாணப் பேச்சில் அந்தக் கடதாசி வெளியே வரும். வயது வந்தவர் தானாகக் கேட்டால் ஆலோசனை, யோசிக்கச் சில வாரம், பிறகு குருதி, முடிவை நேரில் மட்டும். நடுவில் "வேண்டாம்" என்றால் உறையைத் திறக்காமலே விடும் உரிமை அவருக்கு. தந்தை வழியாக வந்தால் அடுத்த தலைமுறையில் மீள்வு கூடி, வயது முந்தி வரலாம் என்பதையும் அப்போதுதான் சொல்ல வேண்டும், வாசலில் வைத்து அல்ல.

குறி தோன்றுமுன் உள்ளவர்களைப் பின்தொடர வழி இருக்கிறது. ஆபத்துள்ள எல்லாரையும் அளந்து, மரபு முடிவை அவர்களுக்கும் சொல்லாமல், அளப்பவருக்கும் சொல்லாமல் குறியீட்டு எண்ணோடு வைப்பது. ரெடிஸ்கா போன்ற வெளிநாட்டுப் பதிவேடுகளிலும் தன் முடிவை அறியாமலே பங்கெடுக்கலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் இதைத் தொடவே கூடாது, மாதிரி நாட்டைவிட்டு வெளியே போவதானால் பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும் வேண்டும்.

பின்குடா எழுதியது:
எல்லாவற்றையும் இரண்டு பக்கப் படிவமாக்கியிருக்கிறேன். முன்பக்கம்: தொடங்கிய வயது, முதல் குறி, மூன்று தலைமுறைப் படம், மருந்தும் மதுவும், படுத்து நின்ற அமுக்கம், டி.எஸ்.எச்., பி12, ஈ, எந்த மீள்வு எத்தனை, முறிவு பார்த்ததா. பின்பக்கம்: சாரா எட்டு வரி வலம் இடம் தனிக் கட்டத்தில், நேரம், காலணி, அளந்தவர், காணொளி எண், எடை, ஆறு மாதத்தில் விழுந்த தரம். நிலத்தில் 10 மீற்றர் நிறப்பட்டி ஒட்டியாயிற்று.

கிண்ணியா_பிசியோ எழுதியது:
படிவம் பார்த்தேன் டொக்டர். பட்டியின் முடிவில திரும்ப இடமில்ல, சுவர் ஒரு அடியில நிக்கிது. அரைச் சுற்றில அவர் சுவரைத் தொட்டா 3 ஆ 4 ஆ எண்டு அடிபடுவோம். பட்டியை ரெண்டு மீற்றர் பின்னால இழுத்து ஒட்டுங்க, கதவுப் பக்கம் இடம் கிடக்கு.